சிறு கப்பலின் நெடும்பணி

வடபுல நாட்டுப் பழங்கதைகளிலே டீர் என்னும் போர்த்தெய்வத்தைப் பற்றிய கதை ஒன்று உண்டு. தேவர்கள் வாழும் இடத்தில் பென்ரிர் என்னும் ஓநாய் ஒன்று வளர்ந்து வந்தது. அது நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போயிற்று. உலகையே அழிக்கும் வலிமை அதற்கு வந்துவிடுமோ என்று அஞ்சிய தேவர்கள் அதனைக் கட்டிப்போட முயன்றார்கள். தடித்த இரும்புச் சங்கிலிகள் இரண்டனை அது ஒன்றன்பின் ஒன்றாக அறுத்தெறிந்தது. பின்னர் அவர்கள் பட்டு நாடாவைப் போன்ற மெல்லிய கயிறு ஒன்றைச் செய்வித்துக் கொணர்ந்தார்கள். கயிற்றின் மென்மையைக் கண்ட ஓநாய்க்கு ஐயம் பிறந்தது. தேவர்களுள் ஒருவர் தன் வாய்க்குள் கையை வைத்தாலன்றிக் கட்டுவதற்கு இசையமாட்டேன் என்று அது கூறிவிட்டது. டீர் ஒருவனே முன்வந்தான். கயிறு இறுகிற்று, ஓநாய் அகப்பட்டது, டீர் தன் வலக்கையை இழந்தான்.

நார்வே நாட்டார் இத்தெய்வத்தின் பெயரைத் தம் சிறு போர்க்கப்பல் ஒன்றுக்கு இட்டனர். அக்கப்பல் 1887ஆம் ஆண்டில் நீரில் இறங்கியது. அதன் பணி அரை நூற்றாண்டுக்கு மேல் நீண்டது. பெரும் போர் ஒன்றைக் காண்பதற்கு முன்பே அது முதுமை எய்தியது. ஆயினும் தன் ஐம்பத்து மூன்றாம் வயதில், நாட்டிற்குப் பேரிடர் நேர்ந்தபோது, அது ஆற்றிய தொண்டு நினைக்கத்தக்கது. மெல்லிய கயிற்றால் பெரிய ஓநாயைத் தளைத்த பழங்கதைக்கும் இக்கப்பலின் வரலாற்றுக்கும் உள்ள ஒப்புமையைப் பின்னர்க் காண்போம்.

நாடும் கடலும்

நார்வே ஐரோப்பாக் கண்டத்தின் வடமேற்கு எல்லையில் உள்ள நாடு. அதன் நீண்ட கடற்கரை நேர்கோடு போன்றதன்று. நிலத்தைப் பிளந்துகொண்டு கடல் நெடுந்தொலைவு உட்புகுந்திருக்கின்றது. இருமருங்கும் மலைகள் செங்குத்தாக நிற்க, அவற்றினிடையே ஆறுபோல நீண்டு கிடக்கும் இக்கடற்கால்களைப் பியோர்டு என்பர். பண்டை நாளில் பனிப்பாறைகள் நகர்ந்து நகர்ந்து நிலத்தை அகழ்ந்தமையால் உண்டான பள்ளங்களே இவை. சோக்னே பியோர்டு என்பது 200 கிலோமீட்டருக்கு மேல் நாட்டினுள் நுழைந்திருக்கின்றது. அதன் ஆழம் சில இடங்களில் 1,300 மீட்டருக்கும் மிகும். கரையை ஒட்டி எண்ணற்ற தீவுகள் வேலிபோல் நிற்கின்றன. அத்தீவுகளுக்கும் நிலத்துக்கும் நடுவே குறுகிய நீர்வழிகள் பல உண்டு. புறக்கடலில் புயல் வீசினாலும் அவ்வழிகளில் கப்பல்கள் அச்சமின்றிச் செல்லலாம்.

இத்தகைய நாட்டில் கடலே பெருவழி. மீன்பிடித்தலும் கப்பலோட்டுதலுமே பலர்க்கு வாழ்வு. சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் பிற்பகுதியில் நார்வேயின் மக்கட்டொகை ஏறத்தாழ 20 இலட்சமே. எனினும் உலகின் மிகப் பெரிய வணிகக் கப்பல் தொகுதிகளுள் அதனுடையதும் ஒன்றாக விளங்கிற்று. அந்நாளில் நார்வே தனிமுடி கொண்ட நாடாக இருக்கவில்லை. 1814 முதல் 1905 வரை அது சுவீடனுடன் ஒரே மன்னரின் கீழ் இணைந்திருந்தது. ஆயினும் அதற்கெனத் தனிச் சட்டமன்றமும், தனிப் படையும், தனிக் கடற்படையும் இருந்தன. கடற்படையின் தலைமைத் துறை, ஓஸ்லோ பியோர்டின் மேற்குக் கரையிலுள்ள ஹார்ட்டன் என்னும் ஊரில் அமைந்திருந்தது. கப்பல் கட்டும் தளமும் அங்கேயே இருந்தது. டீர் பிறந்த இடமும் அதுவே.

சிறு நாட்டின் வருவாய் சிறிது. காக்க வேண்டிய கரையோ மிகப் பெரிது. பெரும் போர்க்கப்பல்களைக் கட்டிக் குவிக்கப் பொருள் இல்லை. அப்படியானால் கரையைக் காப்பது எங்ஙனம்? இவ்வினாவிற்கு அக்காலத்துப் பொறியாளர் ஒருவர் கண்ட விடை பல நாடுகளைக் கவர்ந்தது.

பெரிய பீரங்கியும் சிறிய படகும்

இங்கிலாந்தில் ஆம்ஸ்ட்ராங்கு தொழிற்சாலையில் பணியாற்றிய ஜார்ஜ் ரெண்டல் என்பவர் புதுமையான எண்ணம் ஒன்றை வெளியிட்டார். ஒரு பெரும் போர்க்கப்பலில் உள்ள பீரங்கிகளுள் ஒன்றை மட்டும் எடுத்து, அதனைத் தாங்குவதற்குப் போதிய ஒரு சிறு படகின்மேல் வைத்தால் என்ன என்பதே அவ்வெண்ணம். அதன்படி ஸ்டாஞ்ச் என்னும் படகு 1867ஆம் ஆண்டில் கட்டப்பட்டது. அதன் எடை ஏறத்தாழ 200 டன்னுக்குள் அடங்கும். அதில் 9 அங்குல வாயுடைய பீரங்கி ஒன்று முன்புறம் பொருத்தப்பட்டிருந்தது. அப்பீரங்கியை நீர் அழுத்தப் பொறியால் படகின் உட்புறம் இறக்கவும் மேலே உயர்த்தவும் கூடும். படகு ஓடும்போது பளு கீழே இருந்தால் ஆட்டம் குறையும் என்பது கருதி இவ்வாறு அமைத்தனர்.

இப்படகிற்கும் பிற போர்க்கப்பல்களுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. மற்றக் கப்பல்களில் பீரங்கியைத் திருப்பிக் குறிபார்ப்பார்கள். இதிலோ படகையே திருப்பிக் குறிபார்க்க வேண்டும். ஆதலால் இதனை மிதக்கும் பீரங்கி வண்டி எனலாம். இதன் அடிப்பகுதி தட்டையானது, உடல் அகன்றது, ஆழமற்ற நீரிலும் செல்ல வல்லது. ஆனால் விரைவு குறைவு. நடுக்கடலின் பேரலைகளைத் தாங்கும் ஆற்றலும் இதற்கு இல்லை. தன் துறைமுகத்தின் வாயிலில் நின்று காவல் புரிவதே இதற்கு ஏற்ற தொழில். துணிகளைத் தேய்க்கும் இரும்புப் பெட்டியைப் போன்ற தட்டையான வடிவுடைமையால், தேய்ப்புப் பெட்டிப் படகு என்றே ஆங்கிலேயர் இதனை விளையாட்டாக அழைத்தனர்.

ஆழ்கடலில் எள்ளத்தக்கதாகிய இப்படகு பியோர்டுகளுக்கு மிகவும் பொருத்தமாக இருந்தது. தீவுகளின் மறைவில் அது ஒளிந்து நிற்கலாம். பெரிய கப்பல் நுழைய இயலாத இடத்தில் அது நுழையலாம். குறுகிய வழியில் வரும் பகைக்கப்பலை எதிர்பார்த்திருந்து தன் ஒரே பீரங்கியால் தாக்கலாம். ஆகவே நார்வே 1870களில் தொடங்கி இவ்வகைப் படகுகளைக் கட்டலாயிற்று. வாலே, உல்லர், பிராகே, நோர், வீடார் என அவற்றிற்குப் பழந்தெய்வங்களின் பெயர்களையும் பழம்பெயர்களையும் சூட்டினர். இவ்வரிசையின் பிற்பகுதியில் தோன்றியதே டீர். அதன் எடை ஏறத்தாழ 300 டன். நம் நாட்டு ஆறுகளின் கழிமுகங்களில் செல்லும் சிறு சரக்குக் கப்பல் ஒன்றின் அளவே அதன் அளவு என்று எண்ணிக்கொள்ளலாம். அச்சிறு உடலின்மேல் ஒரு பெரும் பீரங்கி வீற்றிருந்தது. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்னும் பழமொழிக்கு அஃது ஓர் எடுத்துக்காட்டாக இருந்தது.

காலம் மாறியது

கருவிகளின் வாழ்நாள் குறுகியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் போர்க்கப்பல் கலை வியத்தகு விரைவில் வளர்ந்தது. புதிய பீரங்கிகள் விரைந்து சுட்டன. நெடுந்தொலைவு சென்று தாக்கின. டார்பிடோ என்னும் நீர்மூழ்கு எறிபடை தோன்றியது. அதனை ஏந்திய விரைவுப் படகுகள் தேய்ப்புப் பெட்டிப் படகின் வேகத்தைப்போல் இருமடங்கு வேகத்தில் ஓடின. படகையே திருப்பிக் குறிபார்க்கும் முறை பழமையாகிவிட்டது. டீர் கட்டப்பட்ட இருபது ஆண்டுகளுக்குள்ளாகவே பீரங்கிப் படகு என்ற அளவில் அதன் பயன் குன்றிற்று.

இதற்கிடையில் 1905ஆம் ஆண்டில் நார்வே சுவீடனிடமிருந்து பிரிந்து தனி நாடாயிற்று. இரு நாடுகளும் படைகளை எல்லைக்கு அனுப்பிய நிலையிலும், போர் மூளாமல் பேச்சினாலேயே அப்பிரிவினை நிறைவேறியது வரலாற்றில் போற்றத்தக்க நிகழ்ச்சியாகும். புதிதாக உரிமை பெற்ற நாடு தன் கரைகளைத் தானே காக்க வேண்டியதாயிற்று. பழைய படகுகளை உடைத்து இரும்பாக விற்றுவிடலாம்; அல்லது அவற்றிற்கு வேறு தொழில் தேடலாம். நார்வேயின் கடற்படையினர் இரண்டாம் வழியைக் கண்டனர். முதல் உலகப் போரை ஒட்டிய காலத்தில் டீர் முதலிய படகுகள் கடற்கண்ணியிடும் கப்பல்களாக மாற்றப்பட்டன.

கடற்கண்ணியின் ஆற்றலை உலகம் 1904ஆம் ஆண்டில் கண்கூடாகக் கண்டிருந்தது. உருசியாவும் சப்பானும் போரிட்ட அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில், உருசியரின் பெட்ரோபாவ்லோவ்ஸ்கு என்னும் பெருங்கப்பல் சப்பானியர் இட்ட கண்ணியில் மோதி மூழ்கிற்று. கடற்படைத் தலைவர் மக்காரோவ் அதனுடன் மாண்டார். அடுத்த மாதமே உருசியர் இட்ட கண்ணிகளில் அகப்பட்டுச் சப்பானியரின் பெரும் போர்க்கப்பல்கள் இரண்டு ஒரே நாளில் அழிந்தன. மலைபோன்ற கப்பல்களை நீருக்குள் மறைந்து கிடக்கும் ஓர் இரும்பு உருண்டை அழிக்கக்கூடும் என்பதைச் சிறு நாடுகள் உணர்ந்துகொண்டன.

கண்ணி வேலை செய்யும் முறை

கடற்கண்ணி என்பது யாது? வெடிமருந்து நிறைந்த இரும்பு உருண்டையே அது. அதன் உள்ளே வெற்றிடமும் விடப்பட்டிருப்பதால் அது மிதக்கும் தன்மை உடையது. உருண்டையின் மேற்பகுதியில் கொம்புகள் போலச் சில முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவை மெல்லிய ஈயத்தால் ஆனவை. ஒவ்வொன்றினுள்ளும் அமிலம் நிறைந்த கண்ணாடிக் குழாய் ஒன்று இருக்கும். கப்பல் வந்து மோதும்போது கொம்பு வளையும், குழாய் உடையும், அமிலம் கீழே ஒழுகி அங்குள்ள மின்கலத்தைச் செயற்படுத்தும். அம்மின்சாரம் வெடிமருந்தைப் பற்ற வைக்கும். இவையனைத்தும் இமைப்பொழுதில் நிகழ்ந்துவிடும்.

மிதக்கும் உருண்டை நீர்மட்டத்துக்கு மேலே தோன்றினால் பகைவர் கண்டுகொள்வர். மிக ஆழத்தில் கிடந்தால் கப்பல் அதன்மேல் தாண்டிச் சென்றுவிடும். ஆகவே நீர்மட்டத்திற்குச் சில அடிகள் கீழே அது நிலைத்து நிற்க வேண்டும். கடலின் ஆழமோ இடத்திற்கு இடம் வேறுபடுகின்றது. ஒவ்வோரிடத்திலும் ஆழத்தை அளந்து கயிற்றை வெட்டிக்கொண்டிருக்கப் போர்க்காலத்தில் நேரம் ஏது? இத்தடையை நீக்க அறிஞர்கள் எளிய உத்தி ஒன்றைக் கண்டனர்.

கண்ணியோடு கனமான நங்கூரப் பெட்டி ஒன்று இணைக்கப்படும். அப்பெட்டியினுள் ஓர் உருளையில் கம்பிக்கயிறு சுற்றப்பட்டிருக்கும். பெட்டியின் அடியில் ஒரு சிறு ஈயக்குண்டு தனிக்கயிற்றில் தொங்கும். கண்ணி எத்தனை அடி ஆழத்தில் நிற்கவேண்டுமோ அத்தனை அடி நீளமே அத்தனிக்கயிற்றுக்கும் வைக்கப்படும். அதனை 10 அடி என்று கொள்வோம். கப்பலின் பின்புறத்திலிருந்து இவற்றை நீரில் தள்ளியவுடன் உருண்டை மேலே மிதக்கும். பெட்டி கீழே அமிழும். உருளையிலிருந்து கம்பிக்கயிறு அவிழ்ந்துகொண்டே செல்லும். பெட்டிக்குக் கீழே 10 அடியில் தொங்கும் குண்டு முதலில் கடலடியைத் தொடும். தொட்டவுடன் அதன் கயிறு தளர்கின்றது. அக்கணமே உருளையின் சுழற்சி நின்றுவிடுகின்றது. பெட்டி கடலடியைச் சேர இன்னும் 10 அடி உண்டு. அந்தப் 10 அடியும் அது இறங்கும்போது, மேலே மிதக்கும் உருண்டையையும் 10 அடி கீழே இழுத்துக்கொண்டு செல்கின்றது. கடல் எவ்வளவு ஆழமாயினும் கண்ணி 10 அடியிலேயே நிற்கும். அளவுகோல் இன்றியே அளவு பொருந்தும் இவ்வமைப்பின் நுண்மை வியக்கத்தக்கதன்றோ!

இப்பணிக்குப் பழைய பீரங்கிப் படகு பெரிதும் ஏற்றதாக அமைந்தது. பெரும் பீரங்கியை எடுத்துவிட்டால் அகன்ற மேல்தளம் கிடைக்கும். கண்ணிகளை வரிசையாக நிறுத்துவதற்கும் பின்புறம் தள்ளிச் செல்வதற்கும் அங்கே இடம் உண்டு. தட்டையான அடிப்பகுதி ஆழமற்ற வழிகளில் நுழையத் துணை செய்தது. குறைந்த வேகம் இத்தொழிலுக்குப் பெருங்குற்றமும் அன்று. தீவுகளின் இடையேயுள்ள ஒடுங்கிய வழிகளில் எங்கே பாறை, எங்கே மேடு என்று நன்கறிந்த உள்நாட்டு மாலுமிகள் அதில் பணியாற்றினர். கப்பல் பழையதே, அதன் தொழிலோ புதியது.

கண்ணியின் மற்றொரு முகத்தையும் மறத்தல் ஆகாது. அது நண்பரையும் பகைவரையும் பிரித்தறியாது. போர்க்கப்பலுக்கென இட்ட கண்ணியில் மீன்படகும் அகப்படும். இதனாலேயே 1907ஆம் ஆண்டில் ஹேக் நகரில் கூடிய நாடுகள், கயிறறுந்து மிதக்கும் கண்ணி தன் ஆற்றலை இழந்துவிடுமாறு அமைக்கப்பட வேண்டும் என்று உடன்படிக்கை செய்துகொண்டன. எனினும் முதல் உலகப் போரில் கடல்கள் கண்ணிகளால் நிறைந்தன. 1918இல் மட்டும் அமெரிக்கரும் ஆங்கிலேயரும் ஆர்க்னித் தீவுகளிலிருந்து நார்வேயின் கரையை நோக்கி 70,000க்கு மேற்பட்ட கண்ணிகளை இட்டனர். அப்போரில் நார்வே எப்பக்கமும் சேராத நாடு. ஆயினும் நீர்மூழ்கிகளாலும் கண்ணிகளாலும் அந்நாட்டு மாலுமிகள் ஏறத்தாழ 2,000 பேர் உயிரிழந்தனர்.

ஏப்ரல் 9

முதற்போர் முடிந்தபின் நாடுகள் பலவும் இனிப் போரே இல்லை என்று நம்பின. நார்வேயும் படைச் செலவைச் சுருக்கிக்கொண்டது. புதிய கப்பல்கள் மிகச் சிலவே கட்டப்பட்டன. ஆதலால் பாட்டனார் காலத்துப் படகுகள் பெயரன்மார் காலத்திலும் பணியில் இருந்தன. 1939இல் இரண்டாம் உலகப் போர் மூண்டபோது டீருக்கு வயது ஐம்பத்திரண்டு.

நார்வே இம்முறையும் நடுநிலை பூண்டிருந்தது. ஆயினும் அதன் நீண்ட கரையைக் கைப்பற்ற ஜெர்மனி திட்டமிட்டது. 1940ஆம் ஆண்டு ஏப்ரல் 8ஆம் நாள், தென்கரையை அடுத்து ரியோ டி ஜெனிரோ என்னும் ஜெர்மன் கப்பலைப் போலந்து நாட்டு நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்தது. கரையேற்றப்பட்டவர்கள் சீருடை அணிந்த படைவீரர்களாக இருந்தனர். பெர்கன் நகருக்குச் செல்வதாக அவர்கள் வெளிப்படையாகவே கூறினர். இத்துணைத் தெளிவான எச்சரிக்கை கிடைத்தும், நாட்டின் நீர்வழிகளில் கண்ணியிடும் வேலை காலத்தில் நடைபெறவில்லை. வெள்ளம் வருமுன் அணைகோல வேண்டும் என்பது முதுமொழி. அணை கோலுமுன் வெள்ளம் வந்துவிட்டது.

ஏப்ரல் 9ஆம் நாள் விடியற்காலையில் ஜெர்மன் படைகள் ஓஸ்லோ முதல் நார்விக் வரை பல துறைமுகங்களை ஒரே நேரத்தில் தாக்கின. பெர்கன் நகர் மேற்குக் கரையின் தலையாய துறைமுகம். கேனிக்ஸ்பெர்கு, கேல்ன் என்னும் விரைவுப் போர்க்கப்பல்களும் வேறு சில கலங்களும் இருளில் நீர்வழியினுள் நுழைந்தன. குவார்வன் கோட்டையிலிருந்த பழைய பீரங்கிகள் சுட்டுக் கேனிக்ஸ்பெர்கையும் பிறிதொரு கலத்தையும் புண்படுத்தின. எனினும் படைவீரர்கள் கரையிறங்கினர், நகர் வீழ்ந்தது. புண்பட்ட கேனிக்ஸ்பெர்கு துறைமுகத்தை விட்டு வெளியேற இயலவில்லை. மறுநாள் ஆங்கிலேய விமானங்கள் அதனைக் குண்டு வீசி மூழ்கடித்தன.

டீர் அவ்வேளையில் பெர்கனுக்குத் தெற்கேயுள்ள தீவுகளினிடையே இருந்தது. உல்ஸ்ட்ரூப் என்பவர் அதன் தலைவர். மேல்தளத்தில் கண்ணிகள் இருந்தன. பெரிய போர்க்கப்பல்களைத் தடுக்கும் வாய்ப்புத் தவறிவிட்டது. நகரும் பகைவர் கைப்பட்டது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று பின்வாங்கியிருக்கலாம். ஆனால் படை முன்னே சென்றால் அதற்கு வேண்டிய பொருள்கள் பின்னே வந்துதானே ஆகவேண்டும்? பெர்கனுக்குச் செல்லும் தெற்கு நீர்வழியில், லேரோய்த் தீவின் பக்கத்தில், டீர் தன் கண்ணிகளை இட்டது.

அன்று மாலையே அதன் பயன் வெளிப்பட்டது. படைகளுக்கு வேண்டிய பொருள்களை ஏற்றிக்கொண்டு வந்த சாவோ பாலோ என்னும் ஜெர்மன் கப்பல் அக்கண்ணிகளில் மோதி மூழ்கிற்று. அதன் அளவு ஏறத்தாழ 5,000 டன். 300 டன் எடையுள்ள முதிய படகு, கைவிரல்களால் எண்ணத்தக்க நேரத்தில், நீருக்கடியில் கட்டிவைத்த கம்பிக்கயிறு அதனை வீழ்த்திற்று. கண்ணிகளை அகற்ற முயன்ற ஜெர்மானியரின் துணைக் கலங்களுக்கும் அங்கே இழப்பு நேர்ந்தது. மெல்லிய கயிற்றால் ஓநாயைத் தளைத்த கதை இங்கே மீண்டும் நிகழ்ந்ததுபோல் தோன்றுகின்றதன்றோ?

அதே நாள் காலையில் ஓஸ்லோ பியோர்டிலும் இதனையொத்த செயல் ஒன்று நடந்தது. 1937இல் நீரில் இறக்கப்பட்ட புளூகர் என்னும் ஜெர்மானியரின் புத்தம்புதிய பெருங்கப்பல், ஆஸ்கார்ஸ்போர்கு கோட்டையில் 1893ஆம் ஆண்டு முதல் இருந்த பீரங்கிகளாலும், பழைய டார்பிடோக்களாலும் தாக்குண்டு மூழ்கிற்று. இதனால் ஜெர்மானியர் தலைநகரை அடைவது சில மணி நேரம் தாழ்ந்தது. அந்நேரத்தில் மன்னர் ஹோக்கனும் அமைச்சர்களும் சட்டமன்றத்தினரும் நகரை விட்டு வெளியேறினர். நாட்டின் ஆட்சி பகைவர் கையில் அகப்படவில்லை.

இழப்பு

டீர் பின்னர்த் தெற்கே ஹார்டாங்கர் பியோர்டுப் பகுதிக்குச் சென்றது. டார்பிடோப் படகுகள் சிலவும் அங்கே சேர்ந்தன. அச்சிறு தொகுதி பகைவரின் போக்குவரவிற்கு முள்ளாக இருந்தது. அதனைக் களைய ஜெர்மானியர் போர்க்கலங்களையும் வீரர்களையும் அனுப்பினர். ஏப்ரல் 20ஆம் நாள் உஸ்கெடால் என்னும் இடத்தில் நடந்த தாக்குதலில் டீர் அவர்கள் கைப்பட்டது. போர் தொடங்கிப் பதினொரு நாட்களே கழிந்திருந்தன. டீர் என்னும் தெய்வம் ஓநாயைக் கட்டியதும் உண்மை. கையை இழந்ததும் உண்மை. பெயர் தாங்கிய கப்பலுக்கும் அவ்விதியே நேர்ந்தது.

அதன் மூத்த தோழனாகிய உல்லரின் முடிவு இன்னும் உருக்கமானது. 1876இல் கட்டப்பட்ட அக்கப்பல் பெர்கன் வீழ்ந்த அன்றே பகைவரிடம் அகப்பட்டது. அவர்கள் அதனில் தம் மாலுமிகளை ஏற்றித் தம் பணியில் ஈடுபடுத்தினர். நார்வேயின் கரையைக் காக்கக் கட்டிய கலம் நார்வேக்கு எதிராகவே ஏவப்பட்டது. ஏப்ரல் மாத இறுதியில் அது சோக்னே பியோர்டில் சென்றபோது நார்வேயின் கடற்படை விமானங்கள் அதனைக் கண்டு தாக்கின. அத்தாக்குதலின் விளைவாக அது அழிந்தொழிந்தது. தம் முன்னோர் அறுபத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் கட்டிய கப்பலைத் தாமே அழிக்க நேர்ந்த அவ்விமானிகளின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்! கருவி எவர் கையில் உள்ளதோ அவருக்கே பணி செய்யும். அதற்கு நாடு இல்லை, நன்றியும் இல்லை.

நார்வேயின் போர் 1940 ஜூன் 10 வரை நீடித்தது. பின்னர் ஐந்தாண்டுக் காலம் அந்நாடு அயலார் ஆட்சியில் துன்புற்றது. 1945 மே மாதத்தில் விடுதலை பெற்றது. டீர் அப்பெரும்போரிலும் அழியாமல் தப்பிற்று. போர்க்குப்பின் அது கடற்படையை விட்டு நீங்கி, மக்களுக்குப் பயன்படும் அமைதிக்காலக் கலமாகத் தன் வாழ்வைத் தொடர்ந்தது. பீரங்கியையும் கண்ணியையும் சுமந்த அதே உடல், அவற்றை இறக்கிவைத்துவிட்டு அதே பியோர்டுகளில் ஊழியம் புரியலாயிற்று.

நாம் அறிவது

இச்சிறு கப்பலின் வரலாற்றிலிருந்து நாம் அறியத்தக்கவை சில உள்ளன. ஒரு பொருளின் மதிப்பு அதன் பருமனைப் பொறுத்ததன்று. அது நிற்கும் இடத்திற்கும் செய்யும் தொழிலுக்கும் பொருந்துவதைப் பொறுத்தது. நடுக்கடலில் ஒரு பேரலைக்கு ஆற்றாத படகு, தான் அறிந்த குறுகிய நீர்வழியில் தன்னைப்போல் பதினாறு மடங்கு பெரிய கப்பலை வீழ்த்தியது. பழையது என்று எறியாமல், அதற்கேற்ற புதுத் தொழிலைத் தேடிக்கொடுத்த அறிவுடையோரின் சிந்தனையும் இதிற் கலந்துள்ளது.

ஆயினும் முழு உண்மையையும் நாம் கூறுதல் வேண்டும். டீர் நார்வேயைக் காத்துவிடவில்லை. அதன் கண்ணிகள் ஒருநாள் முன்னதாக இடப்பட்டிருந்தால் பெர்கனை நோக்கி வந்த படைகள் என்ன ஆகியிருக்கும் என்று இன்று எண்ணிப் பார்க்கலாம், மாற்ற இயலாது. மாலுமிகளிடம் திறமை இருந்தது. கப்பலில் கண்ணிகள் இருந்தன. காலம் ஒன்றே கையை விட்டு நழுவியது. செய்யவேண்டியதை வேண்டிய காலத்தே செய்யாவிடின், பின்னர்க் காட்டும் வீரம் இழப்பைக் குறைக்குமேயன்றி நீக்காது.

காலம் தவறியபின்னும் கடமை தவறாமல் நின்ற அக்கப்பலின் மாலுமிகள் நம் மதிப்பிற்கு உரியவர்கள். நகர் வீழ்ந்த செய்தி அறிந்தும் அவர்கள் கைகட்டி நிற்கவில்லை. தம்மால் இயன்றது யாதென ஆராய்ந்து, அதனைச் செய்து முடித்தார்கள். பெரியோர் செய்யத் தவறியதைச் சிறியோர் செய்து காட்டும் இடங்கள் வரலாற்றில் பலவாகும். ஹார்ட்டன் துறையில் 1887இல் நீரில் இறங்கிய டீர் என்னும் பீரங்கிப் படகின் கதை அவற்றுள் ஒன்று.